பச்சையில் நின்ற முள்

தீர்ந்துபோன ரேடியோ செல்லை வெயிலில் காயவைத்தவர்கள் உங்களில் எத்தனை பேர்? நம் வயதுக்காரர்களில் கை தூக்காதவர் இருக்க மாட்டார். மாடிக் கைப்பிடிச் சுவரில் வரிசையாக நிறுத்தி, நடுவில் ஒருமுறை புரட்டிவிட்டு, சாயங்காலம் எடுத்துப் போட்டால் இன்னும் அரை மணி நேரம் பாட்டுக் கேட்கலாம். சில வீடுகளில் பல்லால் கடித்து அமுக்குவார்கள். பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். நம் கூட்டத்தில் யாராவது இந்தப் பேச்சை எடுக்கும்போது நானும் சேர்ந்து சிரிப்பேன். ஒரு கோடையில் நான் காயவைத்த நான்கு செல்கள் என்ன செய்தன என்பதை மட்டும் சொன்னதில்லை. நான் நல்லவளாக வரும் இடம் அதில் எதுவும் இல்லை. அதனால்தான் இவ்வளவு நாள் ஆயிற்று.

ஏழாம் வகுப்பு முடிந்த விடுமுறை அது. இரும்புலியூரில் ஒரு காலனியில் குடியிருந்தோம். அப்பா, அம்மா, நான், ஐந்து வயதுத் தங்கை. அப்பாவுக்கு மறைமலை நகர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. ஒரு பாகம் பழுதாகித் திரும்பி வந்தால் அது எந்த மெஷினில், எந்த ஷிப்டில், யார் கையில் கெட்டது என்று கண்டுபிடிப்பதுதான் அவர் வேலை. வீட்டுக்கு வந்தாலும் அந்த வேலை நிற்காது. தம்ளர் நசுங்கியிருந்தால் அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அடிக்க மாட்டார், கத்த மாட்டார். "இது யார் கை?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்தே நானும் தங்கையும் வளர்ந்தோம்.

அந்த வருஷம் சித்தப்பா கப்பல் வேலையிலிருந்து விடுமுறைக்கு வந்தார். வந்தவர் அப்பாவுக்கு ஒரு பெட்டி கொடுத்தார். உள்ளே தெர்மகோலில் பதித்து வைத்த ரேடியோ கண்ட்ரோல் கருவி. பொம்மை விமானத்தைத் தரையிலிருந்தே ஆட்டுவிக்கும் டிரான்ஸ்மிட்டர் சாம்பல் நிறத்தில், அம்மாவின் மசாலா டப்பா அளவுக்கு இருந்தது. இரண்டு குச்சிகள், இழுத்தால் என்னைவிட உயரமாக நிற்கும் ஏரியல், கீழே நகம் அளவுக்கு ஒரு கண்ணாடி ஜன்னல். ஜன்னலுக்குள் ஒரு முள். செல் நன்றாக இருந்தால் முள் பச்சையில் நிற்கும், இறங்கிவிட்டால் சிவப்புக்கு வரும். அதோடு விமானத்துக்குள் வைப்பதற்குத் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ரிசீவர் ஒன்று, எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு குட்டி இன்ஜின்.

விமானத்தை அப்பாவே கட்டினார். கூடத்துத் தரையில் வரைபடத்தை விரித்து, பால்சா மரக் குச்சிகளைக் குண்டூசியால் பொருத்தி, சன்னக் காகிதம் ஒட்டி, அதன்மேல் நகப்பூச்சு வாசனை அடிக்கும் ஒரு பூச்சைத் தடவினார். ஒரு மாதம் வீடு முழுக்க அந்த வாசனை. சாம்பாரிலும் அந்த வாசனை அடிக்கிறது என்று அம்மா சொன்னார். இன்ஜினுக்கு ஊற்றும் எண்ணெய் அதைவிட மோசம். மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய், ஈதர் மூன்றையும் கலப்பார். ஆஸ்பத்திரிக்குள் மண்ணெண்ணெய் விளக்கு அணைந்த மாதிரி ஒரு நெடி. இன்றைக்கும் எங்காவது விளக்கெண்ணெய் சூடானால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

அப்பாவுக்கு மரவேலை தெரியும், மின்சாரம் தெரியாது. அதற்கு ரேடியோ அண்ணா வந்தார். ரயில்வே கேட் ஓரம் தகரக் கொட்டகையில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் ஒற்றை அறை, அதில் மனைவி, கைக்குழந்தை. அப்போது அவருக்கு முப்பது வயது இருந்தால் அதிகம். அவர் சால்டரிங் வைப்பதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். ஈயம் உருகி ஒரு பொட்டு மாதிரி உட்கார்ந்ததும் வாயால் ஊத மாட்டார், தானாக ஆறும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். "ஊதுனா வெளிய மின்னும் பாப்பா, உள்ள புடிக்காது" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடம்பாக்கத்து ஏரிக்குப் போவோம். கோடையில் ஏரி வறண்டு, தரை வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கும். அப்பாவின் ஸ்கூட்டரில் நானும் தங்கையும். போர்வையில் சுற்றிய இறக்கை என் மடியில். விமானத்தின் உடம்பைத் தன் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு ரேடியோ அண்ணா பின்னால் வருவார். சிவன் கோயிலுக்குப் போகிறவர்கள் கரையில் நின்று பார்ப்பார்கள். ஆடு மேய்க்கிறவர்கள் ஆட்டை விட்டுவிட்டுப் பார்ப்பார்கள். விமானம் மேலே ஏறும்போது அப்பாவின் முகம் வேறு முகமாக இருக்கும். வீட்டில் நான் அதைப் பார்த்ததில்லை.

முதல் இரண்டு வாரமும் சிக்னல் பாடாய்ப் படுத்தியது. நன்றாகப் பறந்துகொண்டிருக்கும் விமானம் திடீரென்று விக்கல் வந்ததுபோல் உதறும். அப்பா குச்சியை இடப்பக்கம் தள்ளினால் அது வலப்பக்கம் ஒரு குதி குதித்துவிட்டு அப்புறம் இடப்பக்கம் வரும். கரையில் நின்ற ஒருவர் உயர் அழுத்தக் கம்பிதான் காரணம் என்றார். இன்னொருவர் மின்சார ரயில் என்றார். ரேடியோ அண்ணா விமானத்தைக் கடைக்கு எடுத்துப் போனார். வால் துடுப்பை அசைக்கும் கம்பியும் அதைத் தாங்கும் கம்பியும் உரசுகிற இடத்தில்தான் கோளாறு என்று மறுநாள் சொன்னார். இரும்பும் இரும்பும் உரசினால் ரேடியோவில் கரகரவென்று கேட்குமே, அந்தக் கரகரப்பு ரிசீவரைக் குழப்புகிறதாம். தீர்ந்துபோன பேனா ரீபில் ஒன்றை ஒரு அங்குலம் வெட்டி நடுவில் செருகினார். அதோடு விக்கல் நின்றது. அப்பா அன்று அவர் தோளில் தட்டிக்கொடுத்தார். ரிசீவருக்கு வரும் பேட்டரி ஒயரின் பிளக் ஆடிக்கொண்டிருந்ததால் அதை எடுத்துவிட்டு நேராக சால்டரிங் வைத்துக் கொடுத்தவரும் அவர்தான்.

பறக்கவிடுவதற்கு முன் அவர் ஒரு சோதனை செய்யச் சொல்வார். ஏரியலை மடக்கி வைத்துக்கொண்டு அப்பா நூறு தப்படி நடக்க வேண்டும். அங்கிருந்து குச்சியை அசைத்தால் இங்கே ரேடியோ அண்ணா கையில் இருக்கும் விமானத்தின் வால் ஆட வேண்டும். ஆடினால்தான் பறக்கலாம். தப்படியை எண்ணுவது என் வேலை. அப்பாவோடு நடந்து சத்தமாக எண்ணுவேன். அந்த எண்ணிக்கையில் எனக்குப் பெரிய பெருமை.

இனி என் கதை.

அம்மாவிடம் ஒரு சின்ன டிரான்சிஸ்டர் இருந்தது. நான்கு பென்சில் செல் போடுவது. மத்தியானத்தில் கடலுக்கு அந்தப் பக்கமிருந்து வருமே பாட்டு, அதற்காக நான் பைத்தியமாக இருந்தேன். கணக்கில் நான் வாங்கிய மார்க்கைப் பார்த்துவிட்டு அப்பா, "இனிமே பாட்டுக்குன்னு இந்த வீட்டுல செல் வாங்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். இருந்த செல்கள் தீர்ந்தன. வெயிலில் காயவைத்தேன், கொஞ்சம் பாடியது. மறுபடி காயவைத்தேன், முனகியது.

டிரான்ஸ்மிட்டரில் எட்டு செல். எல்லாம் புதுசு. அது பீரோவின் மேல்தட்டில் இருந்தது, பூட்டு கிடையாது. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், அம்மாவும் தங்கையும் தூங்கும்போது, நான் நாற்காலி போட்டு ஏறினேன். எட்டில் நான்கை எடுத்து டிரான்சிஸ்டரில் போட்டேன். அந்த இடத்தில், இரண்டு நாள் நல்ல வெயிலில் காய்ந்த பழைய செல்களை வைத்தேன். சுவிட்சைப் போட்டுப் பார்த்தேன். முள் எழுந்து பச்சையின் ஓரத்தில் நின்றது. பச்சைதானே என்று நினைத்தேன். திருட்டு என்று எனக்குத் தோன்றவில்லை. சனிக்கிழமை திரும்ப மாற்றிவிடலாம் என்று இருந்தேன். நான்கு நாள் தலையணைக்குள் டிரான்சிஸ்டரை வைத்துப் பாட்டுக் கேட்டேன். எந்தப் பாட்டு என்று இன்று ஒன்றுகூட நினைவில்லை.

சனிக்கிழமை சித்தி குடும்பத்தோடு வந்துவிட்டாள். வீடு நிறைய ஆட்கள். பீரோ இருந்த அறையில்தான் எல்லோரும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். நான் நாலைந்து முறை உள்ளே போய்விட்டு வெளியே வந்தேன். மறந்துபோனேன் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. மறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் இறக்கையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தபோதும் எனக்குத் தெரியும்.

அன்று அப்பாவின் தொழிற்சாலை மேனேஜர் மனைவியோடு ஏரிக்கு வந்திருந்தார். அப்பா கூப்பிட்டுத்தான் வந்தார்கள். கரையோர வேலமர நிழலில் பஸ்ஸில் வந்த அம்மாவும் சித்தியும் ஜமுக்காளம் விரித்து, இட்லிப் பாத்திரத்தைத் திறந்து வைத்திருந்தார்கள். அப்பா சலவைச் சட்டையில் இருந்தார். இன்ஜினைச் சுற்றி முடுக்கப் போனபோது ரேடியோ அண்ணா குறுக்கே வந்தார்.

"சார், ஒரு தபா தூரம் பாத்துட்டு வுடலாம்."

"போன வாரம் பாத்தோமே" என்றார் அப்பா.

"அது போன வாரம் சார். அஞ்சு நிமிசம் ஆவும், அவ்ளோதான்."

அப்பா மேனேஜர் பக்கம் பார்த்தார். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வேண்டாம்பா, அவங்களுக்கு வேற வேலை இருக்கு" என்றார் அப்பா.

அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது என்று சொல்கிறேன். நிம்மதி. நூறு தப்படி நடந்திருந்தால் வால் ஆடாமல் நின்றிருக்கும், டிரான்ஸ்மிட்டரைத் திறந்து பார்த்திருப்பார்கள், "இது யார் கை?" என்ற கேள்வி வந்திருக்கும். அது வராமல் போனதே என்று நிம்மதி.

முதல் சுற்று நன்றாகவே பறந்தது. ஏரிக்கு மேல் இரண்டு வட்டம் அடித்து, வெடித்த தரையில் தூசி கிளப்பிக்கொண்டு இறங்கியது. மேனேஜர் கை தட்டினார். அவர் மனைவி, "இன்னொரு தடவை விடுங்களேன், நான் சரியாப் பாக்கல" என்று கேட்டார். அப்பா சந்தோஷமாக மறுபடி எண்ணெய் ஊற்றினார். முள்ளை அப்போது பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. விமானம் மேலே இருக்கும்போது யாரும் கையில் இருக்கும் பெட்டியைப் பார்ப்பதில்லை, எல்லோரும் வானத்தைத்தான் பார்ப்பார்கள்.

இரண்டாவது சுற்றில் விமானம் தூரத்துக் கரை வரை போனது. அங்கே ஒரு உதறல். மறுபடி ஒன்று. அப்பா குச்சியைத் திருப்பினார். விமானம் எங்களை நோக்கித் திரும்பியது, ஆனால் திரும்பியது திரும்பியபடியே சாய்ந்துகொண்டு வந்தது. அப்பா குச்சியை மறுபக்கம் முழுக்கத் தள்ளினார். அது கேட்கவில்லை. ஏரியலைத் தலைக்கு மேல் தூக்கினார், இரண்டடி முன்னால் ஓடினார். இன்ஜின் சத்தம் ஏறிக்கொண்டே வந்தது. விமானம் வட்டத்தைச் சுருக்கிச் சுருக்கி, ஜமுக்காளத்தை நோக்கி இறங்கியது. ஜமுக்காளத்தில் தங்கை எழுந்து நின்று இரண்டு கையையும் அதைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தாள். தன்னிடம் வருகிறது என்று நினைத்திருக்கிறாள்.

ரேடியோ அண்ணா எங்கிருந்து ஓடிவந்தார் என்று நான் பார்க்கவில்லை. தங்கையை இடது கையால் தள்ளிவிட்டு வலது கையை மேலே தூக்கினார். கட்டை உடைகிற சத்தம் ஒன்று. காகிதம் கிழிகிற சத்தம். அப்புறம் இன்ஜின் நின்ற பிறகு வருமே, அந்த அமைதி. தங்கை மண்ணில் விழுந்து அழுதாள், அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ரேடியோ அண்ணா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விமானத்தின் மூக்கில் சுழன்ற விசிறி அவருடைய ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் எலும்பு தெரிய வெட்டியிருந்தது. "கொழந்தைக்கு ஒண்ணுமில்லியே?" என்று கேட்டார். இரண்டு முறை கேட்டார்.

அப்பாவைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். தன் சலவைச் சட்டையைக் கழற்றி அந்தக் கையைச் சுற்றிக் கட்டி, பனியனோடு ஸ்கூட்டரில் அவரைத் தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். தையல் போட்டார்கள். நரம்பு அறுந்துவிட்டது, அந்த இரண்டு விரலும் முன்போல மடங்காது என்றார்கள்.

நானும் தங்கையும் அம்மாவும் சித்தியும் உடைந்த விமானத்தையும் டிரான்ஸ்மிட்டரையும் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வீட்டுக்கு வந்தோம். அம்மா தங்கையைக் குளிப்பாட்டப் போனார். நான் டிரான்ஸ்மிட்டரோடு பின்கட்டுக்குப் போனேன். மூடியைத் திறந்தேன். என் நான்கு செல்களையும் எடுத்துவிட்டு, டிரான்சிஸ்டரில் இருந்த நல்ல செல்களைத் திரும்பப் போட்டேன். அவசரத்தில் ஒரு செல் உருண்டு அம்மிக்கல்லுக்கு அடியில் போனது. படுத்துக்கொண்டு கையை விட்டுத் தேடி எடுத்துத் துடைத்துப் போட்டேன். பழைய நான்கையும் சாக்கடையில் எறிந்தேன். சுவிட்சைப் போட்டுப் பார்த்தேன். முள் பச்சையின் நடுவில் போய் நின்றது.

செல்லை மாற்றியது சிறுபிள்ளைத்தனம் என்று யாராவது எனக்காகச் சொல்லலாம். இதற்கு அப்படிச் சொல்ல முடியாது. எதற்காகச் செய்கிறேன் என்று தெரிந்துதான் செய்தேன்.

அன்று மாலை அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, கையைக் கழுவிவிட்டு, கூடத்து மேசையில் எல்லாவற்றையும் பரப்பினார். டிரான்ஸ்மிட்டரைப் போட்டார். முள்ளைப் பார்த்தார். அணைத்தார், மறுபடி போட்டார், மறுபடி பார்த்தார். "இதுல ஒண்ணும் இல்ல" என்றார். அப்புறம் ரிசீவரை எடுத்தார். விழுந்த வேகத்தில் பேட்டரி ஒயர் பிய்ந்து தொங்கியது. பிய்ந்த இடம், ரேடியோ அண்ணா வைத்த சால்டரிங். அப்பா அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

இரண்டு நாள் கழித்து அப்பா ரேடியோ அண்ணா வீட்டுக்குப் போனபோது என்னையும் கூட்டிப்போனார். ரிசீவர் இருந்த பை என் கையில். அண்ணி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்களுக்கு ஸ்டூல் போட்டார். ரேடியோ அண்ணா கட்டுப் போட்ட கையை மார்போடு வைத்துக்கொண்டு பாயிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தார். அப்பா உட்காரச் சொன்னார். பிறகு கைக்குட்டையை விரித்து ரிசீவரை அதன்மேல் வைத்தார்.

"ஒயர் எங்க விட்டிருக்கு பாரு" என்றார். அதுவரை அவரை "வாங்க, போங்க" என்றுதான் அப்பா பேசியிருந்தார்.

ரேடியோ அண்ணா குனிந்து பார்த்தார். "சால்டராண்ட சார்."

"யார் வச்சது?"

"நான் வச்சதுதான்." குனிந்தபடியே, "பெட்டில செல்லு பாத்தீங்களா சார்?" என்று கேட்டார்.

"அன்னிக்கே பாத்தேன். முள் பச்சையில நிக்குது."

நான் கதவோரம் நின்றேன். ஒரு கணம் ரேடியோ அண்ணா என்னைப் பார்த்ததுபோல இருந்தது. இல்லை. ஒயரை வெளிச்சத்தில் பார்ப்பதற்காகக் கதவுப் பக்கம் திரும்பியிருக்கிறார், அவ்வளவுதான். இடது கையால் அந்த ஒயரைப் பிடித்து வெகு நேரம் பார்த்தார்.

"கொழந்த தலைக்கு நேரா வந்துச்சே சார். ஏதாச்சும் ஆயிருந்தா நான் இன்னா பண்ணுவேன்" என்றார். "என் கைதான் சார். நான் சரியா வெக்கல. மன்னிச்சிருங்க."

"மன்னிப்பு எதுக்கு. இனிமே அடுத்தவங்க சாமானத் தொடும்போது யோசிச்சுத் தொடு" என்றார் அப்பா.

அண்ணி குழந்தையை மாற்றி இடுப்பில் வைத்துக்கொண்டார். யாரும் ரேடியோ அண்ணாவின் விரலைப் பற்றிப் பேசவில்லை. நான் வாயைத் திறக்க அங்கே எவ்வளவோ இடம் இருந்தது. அப்பா கைக்குட்டையை மடித்து ரிசீவரை என்னிடம் கொடுத்தார். நான் வாங்கிப் பையில் போட்டேன்.

அப்பா ஏன் அத்தனை கடுமையாக இருந்தார் என்று இந்த வயதில் யோசிக்கிறேன். அஞ்சு நிமிஷம் கேட்டவரை வேண்டாம் என்றவர் அவர். மகள் தலைக்கு மேல் வந்தது தன் கையில் இருந்த விமானம். அந்தச் சோதனையைச் செய்திருந்தால் தெரிந்திருக்கும் என்று அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். அந்த விஷயத்தை அவர் பிறகு ஒருநாளும் பேசவில்லை. சால்டரிங்கைப் பற்றி மட்டும் பேசினார். காலனியில் ஒவ்வொரு வீடாக டிவி வந்துகொண்டிருந்த காலம். யாரிடம் ரிப்பேருக்குக் கொடுக்கலாம் என்று கேட்டவர்களிடமெல்லாம், "ரயில்வே கேட் கடை வேண்டாம், அவன் கை சரியில்ல" என்றார். வேண்டுமென்று கெடுக்கும் மனிதர் அல்ல அவர். உண்மை என்று நம்பியதைச் சொன்னார். அந்த உண்மையைச் செய்து கொடுத்தவள் நான்.

ரேடியோ அண்ணா இடது கையால் சால்டரிங் வைக்கப் பழகினாராம். ஆனால் தான் வைத்ததில் அவருக்கே நம்பிக்கை போய்விட்டது. ஒரே இடத்தை மூன்று முறை, நான்கு முறை உருக்கி வைப்பாராம், அதிலேயே பாகம் கருகிவிடும். அடுத்த வருஷம் தகரக் கொட்டகை மூடிவிட்டது. இதை அம்மா எங்கோ கேள்விப்பட்டு வந்து சொன்னார்.

அதற்குப் பிறகு நான் அவரைப் பார்த்தது தாம்பரம் ரயில் நிலையத்து சைக்கிள் ஸ்டாண்டில். டோக்கன் கொடுக்கும் வேலையில் இருந்தார். கல்லூரிக்குப் போன மூன்று வருஷமும் நான் அங்கேதான் சைக்கிளை விட்டேன். வேறு ஸ்டாண்டு இல்லை. தகர டோக்கனை மடங்காத இரண்டு விரலுக்கு நடுவில் இடுக்கி நீட்டுவார். "சார் நல்லா கீறாரா பாப்பா? தங்கச்சி படிக்குதா?" என்று கேட்பார். "நல்லா இருக்காங்கண்ணா" என்பேன். ரயில் வரும் சத்தம் கேட்டால் எனக்குச் சந்தோஷம், ஓடுவதற்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். மூன்று வருஷத்தில் எத்தனை காலை, எத்தனை மாலை. ஒருநாள்கூட நான் சொல்லவில்லை.

வேலைக்குப் போனேன், கல்யாணம் ஆயிற்று, சேலையூர்ப் பக்கம் வீடு கட்டினோம். அப்பா கடைசி வருஷங்களில் என்னோடு இருந்தார். என் மகனிடம் விமானக் கதையைச் சொல்வார். எந்த இடத்தில் எந்தக் கட்டை, எந்தப் பசை என்பதெல்லாம் அவருக்கு மறக்கவில்லை. கதை எப்போதும் ஒரே மாதிரிதான் முடியும். "ஒரு சால்டரிங். ஒருத்தன் ஒழுங்கா வச்சிருந்தா இன்னும் பறந்திருக்கும்." நான் பக்கத்தில் உட்கார்ந்து அவருக்கு மாத்திரை பிரித்துக் கொடுத்துக்கொண்டிருப்பேன். வயதானவரை எதற்கு வருத்தப்படுத்துவது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்ல சாக்கு.

அப்பா போய் ஆறு மாதம் கழித்து ரேடியோ அண்ணாவைத் தேடிப் போனேன். இப்போது அவர் மகள் இரும்புலியூரில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறாள். அன்றைக்கு இடுப்பில் இருந்த குழந்தை. கடைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். காது கொஞ்சம் மந்தம், மற்றபடி தெளிவாக இருந்தார். யார் என்று சொன்னதும் முகம் மலர்ந்தது. அப்பா போனதைச் சொன்னேன். "அப்டியா, சொல்லவே இல்லியே, மாலை போட வந்திருப்பனே" என்றார். அதன் பிறகு, ஸ்டூலை அவர் பக்கம் இழுத்துப்போட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். செல்லை எடுத்தது, காயவைத்தது, நூறு தப்படி நடக்காதபோது நிம்மதியாக இருந்தது, திரும்ப மாற்றியது. காது கேட்காததால் சில இடங்களை உரக்க மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் வலது கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப என் சால்டரு வுடலியா?" என்று கேட்டார்.

"இல்லண்ணா. விழுந்ததுலதான் பிஞ்சிருக்கு."

"நல்லாத்தான் வெச்சிருந்தேனா?"

"நல்லாத்தான் வச்சிருந்தீங்க."

மன்னிப்புக் கேட்க நான் வாயெடுத்தபோது அவர் நிமிர்ந்தார். "சாராண்ட சொன்னியா?"

"இல்ல" என்றேன்.

"அப்ப அவருக்குக் கடசி வரிக்கும் நான்தான்."

அவர் குரலில் கோபம் இல்லை, ஆறுதலும் இல்லை. ஒரு விலாசத்தைச் சரிபார்ப்பதுபோலச் சொன்னார். பிறகு, "விரலு போனது போவட்டும்மா. ஒரு நாளும் அதுக்காவ நான் அயுததில்ல" என்றார். "நான் ஆசயா செஞ்ச வேல அது ஒண்ணுதான். அத்தப் பாத்தாலே பயந்துக்கினு நாப்பது வருசம் டோக்கன் குடுத்தேன்." கடைக்குள் திரும்பி மகளைக் கூப்பிட்டார். "இந்தம்மா ஒண்ணு சொல்றாங்க, வந்து கேளு. மறுபடி சொல்லும்மா. எனக்கு சொன்ன மாரியே சொல்லு."

மகள் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு போனைப் பிரித்து வைத்திருந்தாள். கையில் சால்டரிங் கம்பி. இரண்டு வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள். நான் தடுப்புக்கு முன்னால் போய் நின்று, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். வாடிக்கையாளர்களும் கேட்டார்கள். அவள் கம்பியை ஸ்டாண்டில் வைத்துவிட்டு, குறுக்கே பேசாமல் கேட்டாள். முடித்ததும் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்ப உங்களுக்கு என்ன வயசு?"

"பன்னெண்டு" என்றேன். சொல்லும்போதே என் குரலில் கொஞ்சம் தெம்பு வந்ததை நானே கேட்டேன்.

"இப்ப?"

"ஐம்பத்தாறு."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். வரிசையில் நின்றவரிடம் கையை நீட்டி, "உங்க போன் குடுங்க அண்ணா" என்றாள்.